அரை அலகாக எண்ணப்படும் பள்ளி ஆட்டோ

எந்த ரயில்வே கேட்டை முதலில் மேம்படுத்துவது என்ற கேள்விக்கு, ஏழு நாள் எடுக்கும் வாகனக் கணக்கெடுப்புதான் விடை சொல்கிறது. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன அலகுகளால் பெருக்கி வரும் தொகை 1 லட்சத்தை எட்டினால், அங்கே மேம்பாலமோ சுரங்கப்பாதையோ அமைக்கலாம் என்பது நெடுநாளைய அளவுகோல். அதில் கார் ஓர் அலகு, ஆட்டோ அரை அலகு.

சாலைப் பாதுகாப்புப் பொறியாளராகக் காரைக்குடிக்கு வெளியே ஒரு கேட்டில் காலை எட்டரை மணிக்கு நின்று எண்ணியிருக்கிறேன். புத்தகப் பைகள் இருபுறமும் தொங்க வந்த ஓர் ஆட்டோவில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். தாளில் அரை என்று எழுதினேன். பின்னால் ஒருவர் மட்டும் ஓட்டிவந்த காருக்கு ஒன்று. சாலை தண்டவாளத்தைச் சாய்வாக வெட்டும் அவ்விடத்தில், சீமைக்கருவேலம் ஓரம்வரை மண்டி, வரும் ரயிலை மறைத்திருந்தது. அதற்குக் கணக்கில் கட்டமே இல்லை.

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அந்தக் கேட் இன்டர்லாக்கிங் செய்யப்படாதது. கேட்டை மூடிப் பூட்டினால் மட்டுமே ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழும் ஏற்பாடுதான் இன்டர்லாக்கிங். மனிதர் மறந்தாலும் அது மறக்காது. அதைச் செய்வதற்கான வரம்பு, அதாவது ரயில்களை வாகன அலகுகளால் பெருக்கி வரும் அதே தொகை, பின்னர் 20,000இலிருந்து 10,000 ஆகக் குறைக்கப்பட்டது, வரவேற்க வேண்டிய முடிவு. ஆனாலும் நாளொன்றுக்கு 12 ரயில்களும் 600 வாகன அலகுகளும் கடக்கும் ஒரு கிராமத்துக் கேட்டின் தொகை 7,200தான். ஆகவே, வரம்பை எட்டாத கேட்டுகளிலும் பள்ளி வாகனங்கள் கடக்கும் இடங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. புதரை வெட்டுவதற்கும் வேகத்தடைக்கு வண்ணம் பூசுவதற்கும் பெருந்தொகை தேவையில்லை; அவற்றை இந்த மாதமே செய்யலாம்.

சுரங்கப்பாதை கேட்டு மனு எழுதும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அருகிலுள்ள கண்மாயின் நீர்மட்டத்தையும் வடிகால் போகும் வழியையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள். ஐப்பசி மழையில் பாதைக்குள் தண்ணீர் நின்றுவிட்டால், மக்கள் மறுபடி தண்டவாளத்தின் மேல் ஏறித்தான் கடப்பார்கள், அப்போது அங்கே கேட்டும் இருக்காது, கேட் கீப்பரும் இருக்கமாட்டார்.