உங்கள் தொழிலறிவை விற்கப் போகிறீர்களா? இந்தக் கணக்கையும் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வரி ஆலோசனைத் தொழில் செய்பவனிடம் இப்போதெல்லாம் அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், ஒரு ஆன்லைன் வகுப்பு போடலாம்னு இருக்கேன். ஜிஎஸ்டி எடுக்கணுமா?” கேட்பவர் தேனீ வளர்ப்பவராக இருக்கலாம், ரப்பர் நாற்றங்கால் வைத்திருப்பவராக இருக்கலாம், பத்திரம் எழுதுபவராகவும் இருக்கலாம். வரிக்கான பதில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் நான் திருப்பிக் கேட்பேன், “யார் வாங்குவாங்க?” பெரும்பாலும் “எல்லாரும்தான்” என்று பதில் வரும். எல்லாருக்கும் என்று செய்ததை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை.

தேனீ வளர்ப்பையே எடுத்துக்கொள்வோம். அனுபவமுள்ள ஒருவர் கேமரா முன் உட்கார்ந்தால் தேனீயின் வகைகளில் தொடங்கி தேனின் மருத்துவ குணம் வரை மணிக்கணக்கில் பேசிவிடுவார். அதில் பெரும்பகுதி யூடியூபில் இலவசமாகவே கிடக்கிறது. புதிதாகப் பத்துப் பெட்டி வாங்கி வைத்தவருக்குத் தூக்கம் வராத கேள்விகள் வேறு. மழைக்காலப் பஞ்சத்தில் சீனிப்பாகு எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது? ரப்பர் இலையுதிர்ந்து புதுத்தளிர் வரும்போது பெட்டியில் ஈக்கூட்டம் எந்த அளவுக்குப் பெருகியிருக்க வேண்டும்? ராணி அறை கட்டத் தொடங்கினால் கூட்டத்தைப் பிரிப்பதா, அறையைக் கிள்ளிப் போடுவதா? புழு பை போல வீங்கிச் செத்துக் கிடந்தால் என்ன செய்வது? 1990-களின் தொடக்கத்தில் அந்தப் பை நோய் இந்த மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலி செய்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்விகள் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதை யாரும் மாதவாரியாக எழுதி வைக்கவில்லை.

ரப்பர் காட்டுத் தேனீ வளர்ப்புக்கு மாதம் ஒரு பக்கம் என்று பன்னிரண்டு பக்கக் கையேடு போட்டால் அது விற்கும். முதல் பக்கத்திலேயே “இது கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பகுதி ரப்பர் தோட்டங்களுக்கு மட்டும்” என்று அச்சிட்டுவிட வேண்டும். இங்கே தேன் வரத்து ரப்பர் தளிரை நம்பியது. உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர் இந்த நாட்காட்டியை நம்பிப் பெட்டி வைத்தால் ஏமாந்து போவார். அந்த வரியால் விற்பனை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

எங்கள் எல்லைப் பகுதிக்கே உரிய சரக்கு இன்னொன்று உண்டு: பழைய பிரமாணம், அதாவது நிலப் பத்திரம் படிப்பது. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அதனால் தாத்தா காலத்துப் பத்திரங்களில் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுத் தேதியோடு இருக்கும். சென்னையிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பேரனுக்கு அந்தக் காகிதம் வெறும் கோடு. வங்கிக் கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ அது தேவைப்படும்போதுதான் ஊருக்குப் போன் வரும்.

கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. அதனால் எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் தப்பாகிவிடும். 1110 சிங்கம் என்றால் 824 கூட்டி 1934. 1110 மேடம் (நம் சித்திரை) என்றால் 825 கூட்டி 1935. தனு மாதம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவரை ஓடுவதால் அங்கே தேதியையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்புறம் பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்கும் பொருத்தம் பார்ப்பது, ஒற்றி எழுதிய நிலம் மீட்கப்பட்டதற்கான எழுத்து இருக்கிறதா என்று தேடுவது, எல்லை விவரத்தில் வரும் பெயர்களை வைத்துப் பக்கத்து நிலத்தை அடையாளம் காண்பது என்று வேலை நீளும். நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர் இதையெல்லாம் போனில் ஓசியில் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளூரில் சொந்தம், ஜாதி, சபை என்று பார்த்துக் காசு வாங்க முடியாது. தூரத்தில் இருப்பவர் தயங்காமல் கொடுப்பார், அவருக்கு அது விமானச் செலவை மிச்சமாக்கும்.

இதை மூன்று விதமாகப் பிரித்து விற்கலாம். படத்தோடு ஒரு சிறு கையேடு, தானே படிக்க முயல்பவருக்கு. ஒரு மணி நேர நேரடி வகுப்பு, இதே வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு. அவரவர் பத்திரத்தைப் படித்துச் சொல்வது மூன்றாவது. அது தனிச் சேவை, விலையும் அதிகமாக இருக்க வேண்டும். கையேட்டை வாங்கியவர்களில் கொஞ்சம் பேர் எப்படியும் மூன்றாவதுக்கு வருவார்கள். ஆனால் உரிமைமூலம் (டைட்டில்) சரியா என்று கருத்துச் சொல்வது வழக்கறிஞர் வேலை. கையேட்டில் அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம். வழக்கறிஞர்களுக்கோ பார் கவுன்சில் விதி விளம்பரத்தைத் தடுக்கிறது, கற்பிப்பதையும் விரிவுரை செய்வதையும் தடுக்கவில்லை. பங்குச்சந்தை வகுப்பு நடத்துபவர்கள் அந்தச் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 ஜனவரியில் விட்ட சுற்றறிக்கையைப் படித்துவிடுங்கள். பாடம் நடத்துகிறேன் என்ற பெயரில் கடந்த மூன்று மாத விலைத் தரவைக் காட்டிப் பேசக் கூடாது என்றது அது.

உதாரணத்துக்கு வாடிக்கையாளரின் பத்திரத்தையே ஸ்கேன் செய்து போடுவது இங்கே சர்வசாதாரணம். பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்தால் போதாது. சர்வே எண்ணும் கிராமமும் தெரிந்தால் ஊரில் யாருடையது என்று அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதிரிப் பத்திரம் ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமை விஷயத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நீங்கள் எழுதிய விதத்தைத்தான் காக்கிறது. கொல்லம் ஆண்டுக் கணக்கு உங்கள் சொத்தாகிவிடாது. பதிவு செய்யாவிட்டாலும் எழுதியதும் உரிமை வந்துவிடும், ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு வரை நிற்கும். சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். எனவே பயிற்சி நிறுவனத்தில் இருந்தபோது தயாரித்த குறிப்புகளை வெளியே வந்து விற்பவர்கள் தங்கள் பணி ஆணையை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பை வாங்கிப் போடும் நிறுவனங்கள் நீட்டும் காகிதத்தில் கையெழுத்திடும் முன் காலமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு என்றும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். “நிரந்தரமாக, உலகம் முழுவதும்” என்று அவர்களே அச்சடித்து வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று.

சரி, ஜிஎஸ்டி. சேவை விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு. பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ மாணவர் சேர்ந்தால் வெளிமாநில விற்பனையாயிற்றே என்று பயப்படுகிறார்கள். சேவைக்கு 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்தாகிவிட்டது, அதே 20 லட்ச வரம்புதான். சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. லேபிள் ஒட்டிய தேன் பாட்டிலை எல்லை தாண்டி அனுப்பி விற்றால் முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும், தேனீ வகுப்புக்கு வேண்டாம். ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கடைக்குப் போடுகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்புதான் வரும், ஆனால் சட்டம் அப்படி.

இன்னொரு கண்ணி: வரம்பு பான் எண்ணுக்கு. 17 லட்சத்துக்குக் கடை வியாபாரம் செய்பவர் நான்கு லட்சத்துக்கு வகுப்பு விற்றால் 21 ஆகிவிட்டது. வகுப்புப் பணத்தை மனைவியின் யுபிஐ எண்ணுக்கு வாங்கிவிட்டால் அது மனைவியின் வருமானமாகிவிடாது, பாடம் நடத்தியது யார் என்றுதான் கேட்பார்கள்.

பதிவு எடுத்தவர்கள் விலை வைக்கும்போது வடிவத்தையும் யோசிக்க வேண்டும். ஆன்லைன் வகுப்புக்கு 18 சதவீதம். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை. அச்சுப் பதிப்பு உள்ள மின்னூலுக்கு 5, அச்சில் வராத மின்னூலுக்கு 18. அதனால் கையேட்டைப் பிடிஎஃப் ஆக மட்டும் விடாமல் நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் கொஞ்சம் பிரதி போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு இந்தியாவில் கட்டணம் இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதுவரை உங்களிடம் ஓசியில் கேட்டவர்களில் வெளியூர்க்காரர்கள் பத்துப் பேருக்கு உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் அனுப்பி, விலையையும் சொல்லி, முன்பணம் கேளுங்கள். “நல்லாயிருக்கு அண்ணே, போடுங்க” என்பவர்களை எண்ணாதீர்கள். பணம் அனுப்பியவர்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டு பேர்கூடத் தேறவில்லை என்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் கடைசியாகப் போனில் என்ன கேட்டார்கள் என்று பழைய வாட்ஸ்அப் செய்திகளைப் புரட்டிப் பாருங்கள்.