வாட் ஒதுக்கிய வழியில் ஓடிய ரயில்

நீராவி எஞ்சின் என்றதும் ஜேம்ஸ் வாட் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் ரயிலை ஓட வைத்தது, அவர் ஆபத்து என்று ஒதுக்கிய உயர் அழுத்த நீராவி.

1712இல் இங்கிலாந்துச் சுரங்கங்களில் நீர் இறைக்க தாமஸ் நியூகோமன் அமைத்த எஞ்சினில், உருளைக்குள் நிரம்பிய நீராவியின்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சுருங்கி நீராகிவிடும். உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். உடனே வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். உண்மையில் வேலை செய்தது காற்றுதான்! ஆனால் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த உருளையை மறுபடி சூடாக்கவே ஏகப்பட்ட நிலக்கரி வீணானது. நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைத்து வாட் அந்த விரயத்தைக் குறைத்தார். 1769இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

1780களில் அவருடைய எஞ்சின் சக்கரத்தையும் சுழற்றத் தொடங்கியது. அதுவரை ஆற்றின் ஓட்டத்தை நம்பியிருந்த நூற்பாலைகள் இப்போது மான்செஸ்டர் போன்ற நகரங்களில் பெருகின. எஞ்சினுக்குக் களைப்பில்லை; அதன் பக்கத்தில் மனிதர்களையும் 12, 14 மணி நேரம் நிறுத்தினார்கள். ஓடும் இயந்திரத்தின் அடியில் புகுந்து பஞ்சு பொறுக்கியவர்கள் குழந்தைகள். 1833 சட்டம் பெரும்பாலான ஆலைகளில் 9 வயதுக்குக் கீழானவர்களைத் தடுத்தது. ஆனால் நாடு முழுவதற்கும் 4 ஆய்வாளர்களே! சட்டம் போட்டவர்களுக்கு அவசரமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, ரயிலுக்கு வருவோம். வாட்டின் எஞ்சினுக்கு ஒரு கட்டடமே வேண்டும். அதை வண்டியில் ஏற்ற முடியாது. ரிச்சர்ட் டிரெவிதிக் குளிர்கலனையே நீக்கினார். நீராவியின் அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டினால் சிறிய உருளையே போதும். 1804இல் வேல்ஸின் பெனிடாரனில் அவருடைய வண்டி 10 டன் இரும்பையும் சுமார் 70 பேரையும் இழுத்துச் சென்றது. பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள்தான் உடைந்தன.

1829இல் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அவர் மகன் ராபர்ட்டும் கொண்டுவந்த ‘ராக்கெட்’ என்ற ரயில் எஞ்சினின் கொதிகலனுக்குள் 25 செப்புக் குழாய்கள் இருந்தன. சூடான புகை அவற்றின் வழியே போனதால் வெப்பம் நிறைய நீரைத் தொட்டது. வேலை முடித்த நீராவி புகைபோக்கியில் சீறி வெளியேறும்போது நெருப்புக்குள் காற்றை இழுத்தது. வண்டி வேகமெடுத்தால் தீயும் தானாகவே கூடும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது.

1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்தது. துறைமுகத்துப் பருத்தி சில மணி நேரத்தில் ஆலையை அடைந்தது. தொழிலாளிகளின் பயணம் அவ்வளவு சீக்கிரம் சீராகவில்லை. பல பாதைகளில் அவர்கள் கூரையில்லாத பெட்டிகளில் மழையிலும் தீப்பொறியிலும் போனார்கள். புதிய ரயில் நிறுவனங்கள் தினமும் ஒரு வண்டியாவது கூரையுள்ள பெட்டிகளோடு, மைலுக்கு 1 பென்னி கட்டணத்தில் விட வேண்டும் என்ற சட்டம் 1844இல்தான் வந்தது.