பிள்ளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது?

முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல்கடை கீழே, காலெலும்பின் முன்பக்கம் ஒரு சிறு மேடு. தொட்டால் வலி, மண்டியிட்டால் உயிர் போகும். இந்த மேட்டோடு வருகிறவர்களில் 12, 13 வயதுப் பையன்கள்தாம் அதிகம். பெண் பிள்ளைகளுக்கு ஓரிரண்டு வயது முன்னதாகவே வந்துவிடும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு இதே சங்கதி குதிகாலில் வரும், அது செவர்ஸ். பெயர்கள் பயமுறுத்தினாலும் பெரிய வியாதிகள் இல்லை. வளர்கிற வயதில் தசைநார் வந்து ஒட்டுகிற இடத்து எலும்பு இன்னும் முற்றாமல் குருத்தாக இருக்கும். ஓடும்போதும் குதிக்கும்போதும் தசை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால் புண்படுகிறது. இழுப்பைக் குறைத்தால் வலி குறையும். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

குறைப்பதுதான் கஷ்டம். பிசியோவாக நான் முதலில் கேட்பது, திங்கள் முதல் ஞாயிறு வரை பிள்ளை என்னென்ன விளையாடுகிறது என்பதைத்தான். அம்மா ஒன்று சொல்வார், அப்பா இன்னொன்றைச் சேர்ப்பார். பையன் கடைசியில் மெதுவாக, "ரீசஸ்லயும் பந்து விளையாடுவேன்" என்பான். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை, வாரநாள் மாலையில் தனியார் அகாடமி, சனிக்கிழமை லீக் ஆட்டம், ஞாயிறு சமூக மன்றத்தில் பயிற்சி. எல்லா இடத்திலும் நல்ல கோச்சுகள்தாம். அவரவர் கொடுக்கும் வேலை அவரவருக்கு அளவானதாகவே தெரியும். மொத்தத்தையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

முன்பு அந்த ஆள் பேட்டையிலேயே இருந்தார். 1960இல், சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகம் சிங்கப்பூரில் தொடங்கியது; 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறந்தது, அதே ஆண்டு சிங்கப்பூர் விளையாட்டு மன்றமும் வந்தது. அரசாங்கம் கட்டியவை இவை. ஆனால் வேலை முடிந்து, பந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சம்பளம் இல்லாமல் பிள்ளைகளைத் திரட்டி விளையாட வைத்தவர்கள் தொண்டூழியர்கள். பாலஸ்தியர் பக்கம் திடல் வைத்திருக்கும் இந்தியர் சங்கம் போன்ற பழைய மன்றங்களில், ஹாக்கி, கிரிக்கெட், கால்பந்து மூன்றையும் கவனித்துக்கொண்டவர்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பிள்ளையின் வீடு, பள்ளி, அப்பாவின் ஷிஃப்ட் எல்லாம் அந்த அங்கிளுக்குத் தெரியும். "நேத்து ஸ்கூல் மேட்ச் ஆடினியே, இன்னைக்கு கோல்ல நில்லு" என்பார். சுமையை அளந்து கொடுப்பது என்று நாங்கள் இன்று படித்துவிட்டுச் செய்வது இதைத்தான்.

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. பயிற்சிக்கு நடுவே தண்ணீர் குடிக்காதே, வயிறு பிடிக்கும் என்று தடுத்தவர்களும் உண்டு. நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. (தேய்ந்த முழங்காலோடு அந்த அங்கிள்களும் என்னிடம் வருவார்கள். வீட்டுப் பயிற்சியைச் செய்யச் சொன்னால், பிள்ளைகளைவிட அவர்கள்தாம் அதிகம் டிமிக்கி கொடுப்பவர்கள்.)

இப்போதைய அவசரத்துக்குப் பெரிய காரணம், விளையாட்டு போன்ற திறமையை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை என்பது என் கருத்து. தொடக்கநிலை 6 நடுவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் 8, 9 வயதிலேயே ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். திட்டத்தில் தப்பில்லை, நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான். சின்ன வயதிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் சாதிக்கலாம் என்றில்லை. நம் ஓட்டக்காரர் சி. குணாளனை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். 2001இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடும்வரை, 33 ஆண்டு அந்தத் தேசியச் சாதனை நின்றது. அப்பேர்ப்பட்டவர் முதலில் கால்பந்துக்காரர். ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்தது 20 வயதைத் தாண்டித்தான். பின்னாளில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பணியிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? விளையாட்டு மருத்துவத்தில் எளிய வழிகாட்டல் ஒன்று உண்டு: வாரத்துக்கு ஒழுங்குபடுத்திய பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்து, பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் போகக்கூடாது. 11 வயது என்றால் 11 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டை விட்டு வேறு ஏதாவது. நீச்சல், பூப்பந்து, கீழ்த்தளத்தில் ஓடிப்பிடித்து, எதுவானாலும் சரி.

ஞாயிறு இரவு அந்த வார மணி நேரத்தைக் கூட்டி, எல்லா கோச்சுகளுக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடுங்கள். பெரும்பாலோர் நன்றிதான் சொல்வார்கள். உங்கள் சமூக மன்றத்தில் மூத்த தொண்டூழியர் இன்னும் இருந்தால், தேசிய தினப் பதக்கம் வாங்கும்போது கைதட்டுவதோடு விடாதீர்கள். திடலோரம் இளம் கோச்சை அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தப் பிள்ளை களைத்திருக்கிறது என்று அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பதை அங்கேதான் கற்க முடியும்.

அப்புறம் ஒன்று. எல்லா வலியையும் வளர்கிற வலி என்று விட்டுவிடாதீர்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மூட்டு முழுக்க வீக்கம், காய்ச்சல், கால் ஊன்ற முடியாமை, ஒரே அடியில் திடீரென்று தொடங்கிய வலி ஆகியவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.