மேட்டுப்பாளையம்: சரிவு முடியும் இடத்தில் ஓர் ஊர்

ஆடி மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பவானியில் வெள்ளம் வருவதுண்டு. வெளியூரிலிருந்து வந்து ஆற்றில் இறங்குகிறவர்கள் இதை அறியாமல்தான் ஆபத்தில் சிக்குகிறார்கள். மழை விழும் இடம் வேறு, வெள்ளம் வரும் இடம் வேறு.

தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரியின் மேற்கு விளிம்பில் மோதி, மேல்பவானி, அவலாஞ்சி வட்டாரத்திலேயே தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தது. கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் மழை மறைவில் இருக்கிறது. மேற்கே பிறக்கும் பவானி கேரளத்தின் அட்டப்பாடிக்குள் இறங்கி, முக்காலியில் திரும்பி, மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. நீலகிரியின் தெற்கு அடிவாரத்தில், மிகப் பழங்காலத்தில் நிலம் முறிந்து நொறுங்கிய பாறைப் பட்டை ஒன்று கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அரிப்பதற்கு எளிதான அந்தப் பட்டையையே ஆறு தன் பாதையாக்கிக்கொண்டது. குந்தா ஆற்று நீரும் சேர்ந்து, மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஆற்றின் குறுக்கே உள்ள பில்லூர் அணைக்கு வரும்போது, முழு நீர்மட்டம் 100 அடி கொண்ட அந்த அணை விரைவில் நிரம்பிவிடும். பிறகு மதகுகளைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குன்னூர் பக்கமிருந்து மலையிறங்கும் ஓடைகளின் கதை வேறு. கல்லாற்றில் இறங்கிப் பார்த்தால், ஆள் உயரப் பாறைகளும் உருண்டைக் கற்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஓடும் நீரின் இழுவிசை சரிவைப் பொறுத்தது. சரிவு குறைந்ததும் பெருங்கற்களை முதலில் கைவிட்டு, மணலையும் வண்டலையும் மட்டும் நீர் கொண்டுபோகிறது. கல்லாறு என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

மலை ரயிலுக்கும் அதே இடம்தான் எல்லை. சமவெளியில் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு வண்டியை நகர்த்தப் போதும்; கல்லாற்றுக்கு மேலே 12 அடிக்கு 1 அடி என ஏறும் இடங்களில் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே அங்கிருந்து குன்னூர் வரை பாதையின் நடுவில் இரண்டு பற்சட்டங்கள் பக்கத்தில் பக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் ஒரு கணமும் பிடி நழுவுவதில்லை. எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத பொறியியல் இது.

சமவெளி ரயில் 1873-இல் மேட்டுப்பாளையம் வந்தது. குன்னூருக்கு மலை ரயில் 1899-இல்தான் ஓடியது. இடைப்பட்ட 26 ஆண்டுகளும் மலைக்குப் போகும் ரயில் சரக்கெல்லாம் இங்கே இறங்கித்தான் வேறு வண்டி ஏறியாக வேண்டும். இறக்கி ஏற்றும் இடத்தில் கிடங்கும் தரகும் தானே வளரும். உருளைக்கிழங்கு மண்டிகள் இந்த ஊரில் நிலைத்ததை அப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு இன்று லாரியில் இறங்குகிறது. கோலார், குஜராத் கிழங்கும் இதே மண்டிகளுக்கு வந்து, மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது.