நிறையேற்றிய சராசரி: அந்த நிறை எங்கே இருக்கிறது?

கொழும்பில் கணக்குப் பகுதியில் வேலை செய்பவர்கள் ‘வெயிட்டட் அவரேஜ்’ என்பார்கள். வெள்ளவத்தையில் டியூசனுக்குப் போகும் பிள்ளைகள் அதையே ‘நிறையேற்றிய சராசரி’ என்று எழுதுவார்கள். ஆனால் இரண்டு பக்கத்திலும் யாரையாவது பிடித்து, சரி, இதில் நிறை எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். செயன்முறைக் கிரயத்தில் (தொடர்ந்து ஓடும் உற்பத்தியில் ஓர் அலகுக்கு எவ்வளவு செலவானது என்று பார்க்கும் கணக்கு), அதுவும் மாதக் கடைசியில் அரைகுறையாக நிற்கும் பொருளுக்கு மதிப்புப் போடும் இடத்தில், இது தெரியாமல் சூத்திரத்தை மட்டும் பாடமாக்கினால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே பிடி நழுவிவிடும்.

முதலில் நிறை. நிறுத்தல், நிறுவை எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். நம்முடைய விஞ்ஞானப் புத்தகத்தில் திணிவு வேறு, நிறை வேறு. தமிழ்நாட்டிலோ நாம் திணிவு என்பதை நிறை என்கிறார்கள், நாம் நிறை என்பது அங்கே எடை. அதனால் சென்னையில் அச்சான நூலில் ‘எடையிட்ட சராசரி’ என்று கண்டால் வேறு ஏதோ முறை என்று பயப்பட வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். சராசரி என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல், அங்கே ‘சராசர்’ என்றால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. இதற்குத் தனித்தமிழ் தேடி அலையத் தேவையில்லை என்பது என் கட்சி.

‘அவரேஜ்’ கதை இன்னும் ருசியானது. பழுதுபட்ட சரக்கைக் குறித்த ஓர் அரபுச் சொல் மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் வாயில் உருண்டு ஆங்கிலத்துக்கு வந்தது என்பார்கள். கப்பலைக் காப்பாற்ற ஒருவருடைய சரக்கைக் கடலில் எறிந்தால் அந்த நட்டத்தை எல்லா வியாபாரிகளும் பங்குபோடுவது வழக்கம், அந்தப் பங்குதான் அவரேஜ். பழங்கதை இல்லை இது. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதிய ‘டாலி’ கப்பல் கொழும்புக்கு வரத்தான் புறப்பட்டது, அதன் உரிமையாளர்கள் அடுத்த மாதமே ‘ஜெனரல் அவரேஜ்’ அறிவித்தார்கள். அதாவது மீட்புச் செலவில் சரக்கின் சொந்தக்காரர்களுக்கும் பங்கு. தலைக்கு இவ்வளவு என்று சமமாக இல்லை, அவரவர் சரக்கின் பெறுமதிக்கு ஏற்ப. நிறையேற்றுவது என்றால் இதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். ரத்மலானைப் பக்கம் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் முடியாமல் நின்றவை 1,000 கட்டிகள், மூலப்பொருள் முழுவதும் போட்டாயிற்று, கட்டிக்கு 33 ரூபா. இந்த மாதம் புதிதாக 9,000 தொடங்கினார்கள், மூலப்பொருள் விலை ஏறிக் கட்டிக்கு 43 ரூபா. 33ஐயும் 43ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 38 வரும், அது பிழை. 33,000ஐயும் 3,87,000ஐயும் சேர்த்து 4,20,000 ஆக்கி 10,000ஆல் பிரித்தால் 42. விடை 43இன் பக்கம் சாய்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் 9,000 கட்டி ஏறி நிற்கிறது. நிறை என்பது அந்த எண்ணிக்கைதான்!

கூலி, மின்சாரம், மேந்தலை (வாடகை, மேற்பார்வை போன்ற பொதுச் செலவு) ஆகியவற்றில் மட்டும், அதாவது மூலப்பொருளைப் பொருளாக மாற்றும் மாற்றற் கிரயத்தில், ஒரு சிக்கல், அரைகுறைக் கட்டியை ஒரு முழுக் கட்டியாக எண்ண முடியாது. 8,000 கட்டிகள் முடிந்து, மாதக் கடைசியில் 2,000 கட்டிகள் பாதி வேலையோடு நின்றால், அந்த 2,000க்கும் செய்த வேலை 1,000 முழுக் கட்டிக்குச் சமம். இதைத்தான் சமான அலகு என்கிறோம். ஆக 9,000 சமான அலகுகள். போன மாதம் ஏற்கெனவே செலவான 8,000 ரூபாவும் இந்த மாதத்து 1,72,000 ரூபாவும் சேர்ந்து 1,80,000, அலகுக்கு 20. முடிவுறா வேலையின், அதாவது அரைகுறையாக நிற்கும் அந்த 2,000 கட்டிகளின் பெறுமதி, மூலப்பொருள் (முழுவதும் போட்டாயிற்று, 42 ரூபாப்படி) 84,000, மாற்றற் கிரயம் 20,000, மொத்தம் 1,04,000 ரூபா. முடிந்த 8,000 கட்டிகள் தலா 62 (42உம் 20உம்) ரூபாப்படி 4,96,000. இரண்டையும் கூட்டினால் 6,00,000; போட்ட காசெல்லாம் கணக்கில் வந்துவிட்டது.

போன மாதத்து 1,000 கட்டிகள் எத்தனை வீதம் முடிந்திருந்தன என்று நான் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? இந்த முறைக்கு அது தேவைப்படாது, பழைய செலவும் புதிய செலவும் ஒரே குவியல். முதல் வந்தது முதல் செல்லும் முறைக்குத்தான் அது வேண்டும். அந்த முறையில் பழைய கட்டிகள் முதலில் முடிந்துபோனதாக எடுப்பதால், கடைசி 2,000 கட்டிகளின் மூலப்பொருள் 43 ரூபாப்படி 86,000க்குப் போகும். இலங்கையின் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 2 (சரக்கிருப்புக்கானது) இந்த இரண்டு முறையையும் ஏற்கிறது, கடைசியில் வந்தது முதல் செல்லும் முறையை ஏற்பதில்லை.

அப்புறம் ‘கிரயம்’. வாங்குதல் என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொல். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் என்றால் காணி விற்ற உறுதி, அதனால் நம்முடைய செயன்முறைக் கிரயத்தை அங்கே ஒருவரிடம் சொன்னால் காணி விஷயமோ என்று யோசிப்பார், அவருக்கு ‘அடக்கவிலை’ என்று சொல்லுங்கள். ‘வேர்க் இன் புரோகிரஸ்’ என்பதற்கு நான் முடிவுறா வேலை என்றே எழுதுகிறேன், தொழிற்சாலைத் தரையில் அரைகுறையாகக் கிடப்பதைக் கண்டவருக்கு அது உடனே விளங்கும். பரீட்சையில் மட்டும் வினாத்தாளில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.