குழல் முனையில் ஒரு மில்லிமீட்டர்

பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டல் நகரில் எஃப்.என். ஆலை செய்த பிரவுனிங் ஆட்டோ-5 சிதறு ரவைத் துப்பாக்கி ஒன்று, இத்தாலியில் செய்த பெரெட்டா இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. இரண்டும் பல கை மாறி வந்தவை. இரண்டின் குழலிலும் மூன்று சிறிய நட்சத்திரங்கள் பொறித்திருக்கின்றன. பிரவுனிங் கணக்கில் மூன்று நட்சத்திரம் என்றால் குழல் முனையில் இறுக்கமே கிடையாது. பெரெட்டா கணக்கில் அதே மூன்று நட்சத்திரம் அரை சோக், அதாவது பாதி இறுக்கம். ஒன்றின் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், விரிந்து பரவும்; மற்றதன் ரவை சேர்ந்து போகும். நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாந்துபோவது இப்படித்தான்.

சோக் என்பது சிதறு ரவைத் துப்பாக்கியின் குழல், முனைக்கு அருகில் சற்றே குறுகுவது. பெயருக்கு ஏற்றபடி அது குழலின் குரல்வளையை இறுக்குவதுதான். 12 போர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் 12 போர்: 18.5 மில்லிமீட்டர், அங்குலத்தில் 0.729. இந்த அகலத்தில் நீளமாக வரும் குழல், கடைசி சில சென்டிமீட்டரில் கூம்பு போலக் குறுகி, பிறகு கொஞ்ச தூரம் அதே குறுகிய அளவில் நேராகச் சென்று முடிகிறது.

எவ்வளவு குறுகுகிறது என்பதுதான் ஆச்சரியம். பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் இதைப் பாயிண்டில் சொல்வார்கள். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கால் சோக் 10 பாயிண்ட், அரை 20, முக்கால் 30, முழு சோக் 40. மில்லிமீட்டரில் சொன்னால் கால், அரை, முக்கால், ஒன்று. சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அப்படியானால் கால் சோக்குக்கும் வெறும் நேர்க்குழலுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரைத் தாள் கனம். வேறுபாடு இவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த இரண்டரைத் தாள் எப்படி வேலை செய்கிறது? தோட்டா வெடித்ததும் ஈய ரவைகள் ஒரு தூண்போலச் சேர்ந்து, பின்னால் வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பான் தள்ள, நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் முனையை நோக்கி வருகின்றன. நான்கு சென்டிமீட்டர் நீளச் சோக்கைக் கடக்க அவற்றுக்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஓரத்தில் வரும் ரவைகளுக்கு உள்நோக்கி ஒரு சின்னத் தட்டு கிடைக்கிறது. அதோடு தூண் நீண்டு மெலிகிறது. அடைப்பானின் வேகமும் சற்றுக் குறைவதால் அது வெளியே வந்ததும் ரவைக் கூட்டத்தின் முதுகில் மோதிக் கலைப்பதில்லை. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்துவதைப் பலர் இதற்கு உவமையாகச் சொல்வார்கள். அந்த உவமை பாதி தூரம்தான் வரும். வாயைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு ரவையும் தனி ஆள். காற்றோடு தனியாகத்தான் மோத வேண்டும். வெடித்த அதிர்ச்சியில் நசுங்கிச் சப்பையான ரவை எந்தச் சோக்கில் வந்தாலும் ஓரமாக ஓடிவிடும்.

விளைவை அளக்க ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 40 கஜ தூரத்தில், அதாவது 36.6 மீட்டரில், 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் எத்தனை சதவீதம் ரவை விழுகிறது என்று பார்ப்பது. நேர்க்குழல் சுமார் 40 சதவீதம், கால் சோக் 50 முதல் 55, அரை 60, முக்கால் 65, முழு சோக் 70. நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் பேப் 1866-இல் முனையை இறுக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1874-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த பகிரங்கச் சோதனைகளில் அவருடைய குழல்கள் வென்ற பிறகு சோக்கைச் சந்தேகித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இன்று வரும் பெரும்பாலான துப்பாக்கிகளில் சோக் தனியாகக் கழற்றி மாட்டும் திருகு வளையம். முனைக்குள் மரையோ, சாவி மாட்டும் வெட்டுகளோ தெரிந்தால் அது அந்த ரகம். அதன் மேலேயே அளவு எழுதியிருக்கும், கவலையில்லை. ஆனால் 1970-களுக்கு முந்தைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் சோக் குழலோடு ஒன்றாகக் கடைந்தது. அப்படிப்பட்ட குழல் ஐம்பது, நூறு வருடத்தில் என்னென்ன பார்த்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சரி, முதலில் முத்திரைகள். பிரவுனிங்கில் ஒற்றை நட்சத்திரம் முழு சோக். நட்சத்திரமும் ஒரு சிறு கோடும் முக்கால். இரண்டு நட்சத்திரம் அரை. இரண்டும் ஒரு கோடும் கால். மூன்று என்றால் நேர்க்குழல். பெரெட்டாவில் கோடு கிடையாது: ஒன்று முழு, இரண்டு முக்கால், மூன்று அரை, நான்கு கால். அமெரிக்கக் குழல்களில் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஃபுல், மாட், இம்ப் சில் என்று சொல்லாகவோ சுருக்கமாகவோ இருக்கும். மாட் என்பது அரை, இம்ப் சில் என்பது கால். பழைய ஜெர்மன் குழல்களில் கிரீடத்தின் கீழ் 'டபிள்யூ' எழுத்து இருந்தால் அது வ்யூர்கபோருங் என்பதன் முதல் எழுத்து. நெரித்த துளை என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தவை பிரிட்டிஷ் முத்திரைகள். 1875 முதல் 1887 வரை லண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்கள் சோக் உள்ள குழல்களில் 'நாட் ஃபார் பால்' என்று பொறித்தன. முழு உருண்டைக் குண்டு போடாதே என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஒரே குழலில் பறவைக்கு ரவையும் பெரிய விலங்குக்கு உருண்டையும் போடுவது வழக்கம். துளையை நிறைத்து வரும் உருண்டை குறுகிய முனையில் இறுகினால் குழல் வெடிக்கும். 1887-க்குப் பிறகு 'சோக்' என்ற ஒற்றைச் சொல்லாக அது சுருங்கி 1954 வரை நீடித்தது. கவனியுங்கள், சோக் இருக்கிறது என்றுதான் அந்த முத்திரை சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. அந்த விவரம் செய்தவரின் பேரேட்டில் வரிசை எண்ணுக்கு எதிரே இருக்கும், அல்லது துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒட்டிய சீட்டில் இருக்கும். அந்நாளில் மதராஸில் பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற கடைகள் தங்கள் பெயரைப் பொறித்துத் துப்பாக்கி விற்றன. அப்படி ஒன்று கையில் வந்தால் மேலே இருக்கும் கடைப் பெயரைவிட, குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் தெரியும் முத்திரைகள்தான் அதிகம் பேசும்.

இரட்டைக்குழலுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. வலக்குழல் தளர்வாகவும் இடக்குழல் இறுக்கமாகவும் இருக்கும். முதலில் சுடுவது வலக்குழல், பறவை அப்போது அருகில் இருக்கிறது. இரண்டாவதைச் சுடும்போது அது விலகிப் போயிருக்கும். வலம் கால், இடம் முக்கால் என்பது அடிக்கடி காணும் ஜோடி. இது வழக்கம் மட்டும்தான், உத்தரவாதம் அல்ல.

அமெரிக்காவில் பரவலாக இருக்கும் ஒரு குறுக்குவழி, பத்து சென்ட் நாணயத்தை முனையில் வைத்துப் பார்ப்பது. அதன் விட்டம் 17.9 மில்லிமீட்டர். 18.5 மில்லிமீட்டர் குழலில் முழு சோக் என்றால் முனை 17.5, நாணயம் நுழையாது. அரை சோக் என்றால் 18.0, மயிரிழையில் நுழையும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. (நம் பழைய 10 காசும் 25 காசும் இதற்கு உதவாது. எவர்சில்வர் 10 காசு 16 மில்லிமீட்டர், எல்லாக் குழலிலும் விழும். 25 காசு 19, எதிலும் நுழையாது.) ஆனால் எல்லா 12 போர் குழலும் 18.5 அல்ல என்பதுதான் சிக்கல். பிரிட்டிஷ் குழலில் 12-இன் கீழ் 1 என்று பின்னம் போலப் பொறித்திருந்தால் உள்விட்டம் 18.8. அதில் முக்கால் சோக் இருந்தால் முனை 18.05, நாணயம் நுழைகிறது. பார்ப்பவர் தளர்வான குழல் என்று நினைப்பார். மாறாக 18.3-இல் கடைந்த ஒரு ஐரோப்பியக் குழலில் அரை சோக் இருந்தால் முனை 17.8. நாணயம் நிற்கிறது, முழு சோக் என்று நினைப்பார். இரண்டு முறையும் தவறு. சோக் என்பது முனையின் அகலம் அல்ல, குழலுக்கும் முனைக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் அளக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

அளப்பதற்கு முன், துப்பாக்கியைத் திறந்து, குழலின் பின்பக்கம் தோட்டா வைக்கும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். மடித்துத் திறக்கும் துப்பாக்கி என்றால் குழலைத் தனியாகக் கழற்றிவிடலாம், அதுதான் நிம்மதி. அப்புறம் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும். சோக்கின் கூம்பில் ஈயமும் பிளாஸ்டிக்கும் படிவது சகஜம். அந்தப் படிவே சில பாயிண்ட் பொய் சொல்லும்.

பள்ளியில் பார்த்த வெர்னியர் அளவுகோல் இங்கே அவ்வளவு உதவாது. அதன் தட்டையான தாடைகள் வளைந்த சுவரில் சரியாகப் பொருந்தாமல் அளவைக் குறைத்துக் காட்டும். அதோடு முனையின் முதல் ஓரிரு சென்டிமீட்டரைத்தான் எட்டும். தேவைப்படுவது நீளமான தண்டின் நுனியில் மூன்று தொடுமுனைகள் கொண்ட உள்விட்ட அளவி. துப்பாக்கி பழுது பார்க்கும் தேர்ந்த கடைக்காரரிடம் இருக்கும். பிரிட்டிஷ் முறையில் குழலின் உள்விட்டத்தை அறைப் பக்கத்திலிருந்து 9 அங்குலத்தில் எடுப்பார்கள். பிறகு முனையிலிருந்து உள்ளே மெதுவாக நகர்த்தி மிகக் குறுகிய இடத்தைத் தேட வேண்டும். சில குழல்களில் அது முனையின் விளிம்பிலேயே இருக்காது, சற்று உள்ளே இருக்கும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சோக்.

முத்திரையும் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேதான் அந்தத் துப்பாக்கியின் கதை தொடங்குகிறது. முன்பு வைத்திருந்தவர் முனையை அறுத்திருக்கலாம். சோக் முழுவதும் கடைசி ஓரிரு அங்குலத்தில் இருப்பதால் அறுத்த குழல் நேர்க்குழலாகிவிடும். அடியில் இருக்கும் முத்திரை மட்டும் முழு சோக் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பக்கவாட்டு இரட்டைக்குழலில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. முனைக்கு வர வர இரண்டு குழல்களும் நெருங்கும். முனையில் இடைவெளி விட்டு, அதை ஈயப்பற்றால் நிரப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு சாத்தியம் கொஞ்சம் விசித்திரமானது. அரிப்புக் குழிகளைப் போக்க யாரோ குழலின் உட்புறத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார், முனையைத் தொடவில்லை. 0.729 அங்குலம் 0.737 ஆகிறது, முனை 0.709-இலேயே நிற்கிறது. 20 பாயிண்ட் அரை சோக் இப்போது 28 பாயிண்ட், கிட்டத்தட்ட முக்கால். முனையில் கையே வைக்காமல் சோக் இறுகிவிட்டது! இப்படித் தேய்த்த குழலின் சுவர் தடிமனையும் அளக்காமல் வாங்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

முனையில் கைவைக்காமல் சோக் உண்டாக்குவதும் உண்டு. அறுத்துப்போன குழலில், முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பகுதியை மட்டும் அகலமாகக் கடைவார்கள். அந்த அகலத்திலிருந்து பழைய அளவுக்கு ரவை திரும்பி வரும்போது அதுவே இறுக்கமாகிறது. முனையும் குழலும் ஒரே அளவு, ஆனாலும் சோக் இருக்கிறது. நாணயம் இதைப் பிடிக்காது. உள்விட்ட அளவியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினால்தான் தெரியும்.

இவ்வளவு மெனக்கெட இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுவதும் தடை. அங்கே எஃகு ரவைதான் முக்கிய மாற்று. எஃகு, ஈயம்போல நசுங்கி வழிவிடாது. பழைய முழு சோக் குழலில் அதைச் சுட்டால் முனைக்குப் பின்னால் மோதிரம்போல ஒரு வீக்கம் வரலாம். அரை சோக்குக்கு மேல் எஃகு வேண்டாம் என்பது பிரிட்டனில் பொதுவாகச் சொல்லும் அறிவுரை.

கடைசியாகக் காகிதம். உரிமமும் அனுமதி பெற்ற சுடுதளமும் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். ஒன்றேகால் மீட்டர் சதுரக் காகிதத்தை 40 கஜத்தில் மாட்டி, நடுவில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து ஒருமுறை சுட வேண்டும். வட்டத்தை முன்கூட்டியே வரையக் கூடாது. சுட்ட பிறகு, துளைகள் அடர்ந்திருக்கும் இடத்தை மையமாக வைத்து 76 சென்டிமீட்டர் வட்டம் போட்டு உள்ளே எண்ணுங்கள். அதே பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைக் கடைக்காரரிடம் கொடுத்துப் பிரித்து மொத்த ரவையையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு அவுன்ஸ் ஆங்கில 6-ஆம் எண் ரவை என்றால் சுமார் 270 இருக்கும். வட்டத்துக்குள் 108 என்றால் நேர்க்குழல், 162 என்றால் அரை, 189 என்றால் முழு. ஒரே காகிதத்தை நம்பக் கூடாது, குறைந்தது ஐந்து வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக ஐந்து.

எண்ணும்போது தோட்டாவின் ரகத்தையும் காகிதத்தின் மூலையில் எழுதிவையுங்கள். 1960-களில் பிளாஸ்டிக் கிண்ண அடைப்பான் வந்த பிறகு ரவை குழல் சுவரில் உரசி நசுங்குவது வெகுவாகக் குறைந்தது. நார் அடைப்பானுக்காகக் கடைந்த அரை சோக் குழல் இன்றைய பிளாஸ்டிக் கிண்ணத் தோட்டாவில் முக்காலாகவோ முழுதாகவோ அடிப்பது சாதாரணம். முத்திரை போட்டவர் பொய் சொல்லவில்லை, அவர் அன்றைய தோட்டாவைச் சுட்டுப் பார்த்துப் பொறித்தார். நீங்கள் சுடப்போவது எந்தத் தோட்டாவோ அதை வைத்தே ஐந்து காகிதத்தையும் எண்ணுங்கள்.