டீஃப்ராஸ்ட்: உறைபனி நீக்கம்

"மேல ஐஸ்கிரீம் கல்லு மாதிரி இருக்கு, கீழ வச்ச பால் புளிச்சுப் போகுது. இது என்ன வியாதின்னே தெரியலை." போன மாதம் அக்கா சொன்னது. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பார்க்க வந்த மெக்கானிக் கதவைத் திறந்து ஒரு தரம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "டீஃப்ராஸ்ட் ஆகலைம்மா" என்றார். "இது ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஆச்சே, இதுல எப்படி ஃப்ராஸ்ட் வரும்?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர்தான்.

ஃப்ராஸ்ட் பழைய ஆங்கிலச் சொல். உறைதலைக் குறிக்கும் ஃப்ரீஸ் என்ற வினையோடு ஒரே குடும்பம். ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இதன் உறவுகள் உண்டு. இன்னும் பின்னால் போனால் மொழியியலார் காட்டும் வேர் வேடிக்கையானது. உறைதல், எரிதல் என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. அதனால்தான் லத்தீனில் உறைபனிக்கு ப்ரூயினா, தணலுக்கு ப்ரூனா. ஃப்ரீசரிலிருந்து வெறுங்கையால் ஐஸ் தட்டை இழுத்தவர்களுக்கு இது புரியும். அந்தக் குளிர் சுடத்தான் செய்யும். முன்னால் ஒட்டியிருக்கும் 'டீ' மட்டும் லத்தீன். அகற்று, விலக்கு என்று பொருள். தலை லத்தீன், உடல் ஜெர்மானியம் என்று இப்படி ஒட்டுப்போட்ட சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம்.

தமிழில் என்ன சொல்வது? 'பனி நீக்கம்' என்று பலர் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பொருள் தளர்ந்துவிடுகிறது. நம் பனி மிகப் பரந்த சொல். புல்லில் நிற்கும் துளியும் பனி, மார்கழிக் காலையில் ரோட்டை மறைப்பதும் பனி, நடுங்குவது பனித்தல், கண்ணீர் துளிர்த்தால் கண் பனித்தது. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களே இருக்கின்றன. இவற்றில் எதுவும் ஃப்ரீசரில் கிடையாது. அங்கே இருப்பது, காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகாமலே நேராகப் படிகமாகிப் படிந்த வெள்ளைப் பூச்சு. ஊட்டிக்காரர்கள் இதை நன்றாகவே பிரித்துச் சொல்கிறார்கள். முதலில் விழுவது நீர்ப்பனி. குளிர் ஏறி, காலையில் புல்வெளி உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடந்தால் அது உறைபனி. உறை என்பதும் அடுப்படிக்குப் புதிதல்ல. தேங்காய் எண்ணெய் உறைகிறது, பாலுக்கு உறை ஊற்றுகிறோம். ஆகவே ஃப்ராஸ்ட் உறைபனி, டீஃப்ராஸ்ட் உறைபனி நீக்கம். ஐஸ் என்பது பனிக்கட்டி, அது வேறு.

இப்போது அக்காவின் கேள்விக்கு வரலாம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்பதைப் 'பனியில்லா' என்று பெயர்த்தால் பொய்யாகிவிடும். அந்தப் பெட்டியிலும் உறைபனி படியத்தான் செய்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் குளிரூட்டும் சுருள்குழாய், அதாவது 'காயில்', ஒளிந்திருக்கிறது. அதன் குளிரை ஒரு சின்ன விசிறி மேலும் கீழும் தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே புகும் ஈரக்காற்று அந்தக் காயிலில்தான் போய் உறைகிறது. டைமரோ, புதிய மாடல் என்றால் எலக்ட்ரானிக் போர்டோ, அவ்வப்போது கம்ப்ரசரை நிறுத்திக் காயிலுக்கு அடியிலுள்ள ஹீட்டரைப் போடுகிறது. பழைய டைமர்களில் இது ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேர அளவு. இரவில் ஃப்ரிட்ஜ் திடீரென்று அமைதியாகி, உள்ளே 'சுர்' என்று தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், உருகிய சொட்டு ஹீட்டரில் விழுகிறது. எனவே 'தானே உறைபனி நீக்கும் ஃப்ரிட்ஜ்' என்பதே சரியான பெயர். நீளம்தான், ஆனால் உண்மை.

அந்த நீக்கம் நின்றுபோனால்தான் அக்கா வீட்டுக் கதை. மெக்கானிக் உள்சுவரைக் கழற்றியதும் பார்த்தேன்: காயிலே தெரியவில்லை, தலையணைப் பஞ்சை அடைத்தது போல வெள்ளைச் சுவர். உறைபனிக்குள் காற்று சிறைப்பட்டிருப்பதால் அது குளிரைப் போர்வை போலத் தடுக்கும். போதாக்குறைக்குக் காற்று போகும் வழியையும் அடைத்துவிடும். ஃப்ரீசர் காயிலுக்கு அருகில் இருப்பதால் சமாளிக்கிறது, கீழ்த்தட்டுதான் முதலில் பட்டினி. பைமெட்டல் போயிருந்தது. காயில் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டருக்குக் கரண்டை விடவேண்டிய சின்ன வட்டத் துண்டு அது.

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஒரு சோதனை செய்யலாம். பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே பழைய துணி விரிக்க மறக்கவேண்டாம். திரும்பப் போட்டதும் சில நாள் நன்றாகக் குளிர்ந்து மறுபடி படுத்துக்கொண்டால், கோளாறு உறைபனி நீக்கத்தில்: ஹீட்டர், பைமெட்டல், ஃபியூஸ், டைமர் இவற்றில் ஒன்று. மேலேயும் குளிரவில்லை, கீழேயும் குளிரவில்லை என்றால் கேஸையோ கம்ப்ரசரையோ சந்தேகப்படலாம். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பெரும்பாலும் வடிகால் துளை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அடித்தால் விட்டுவிடும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இந்த வேலை நம் தலையில். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகின் நடுவில் பொத்தான் இருக்கும். உறைபனி அரை சென்டிமீட்டர் தடித்ததும் அழுத்தவேண்டும். உருகி முடிந்ததும் பொத்தான் தானே வெளியே வந்துவிடும். பொறுமையில்லாமல் கத்தியால் நெம்புகிறவர்கள் உண்டு. ஃப்ரீசரின் தகட்டுச் சுவருக்குள்தான் குளிரூட்டும் கேஸ் ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட்டைக் கரண்டிக் காம்பால் நெம்பியது நான்தான். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு, அதோடு அந்த ஃப்ரிட்ஜின் ஆயுள் முடிந்தது. இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர் 600ஏ தீப்பற்றும் கேஸ் என்பதால் நஷ்டத்தோடு ஆபத்தும் சேர்கிறது.

ஆங்கிலத்தில் மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளக வைப்பதும் டீஃப்ராஸ்ட்தான். மைக்ரோவேவில் அந்தப் பெயரில் இருப்பது இதற்கான பொத்தான். இதை உறைபனி நீக்கம் என்று சொன்னால் பொருந்தாது. உறைந்திருப்பது மீன், அதன்மேல் படிந்த பூச்சு அல்ல. இதற்கு அகராதியைப் புரட்டவும் வேண்டியதில்லை. "மீனை வெளியில எடுத்து வை, ஐஸ் விடட்டும்" என்பாள் அம்மா. ஃப்ரிட்ஜுக்கு அவள் சொல்வது வேறு: "பொத்தானை அமுக்கிட்டுப் படு, ஐஸ் கரையட்டும்." பனி உருகும், சர்க்கரைதான் கரையும் என்று நான் ஒருமுறை திருத்தப் போனேன். "எது வேணா பண்ணட்டும், காலையில தரையை நீ துடை" என்றாள்.